மருத்துவரிடம் மறைத்த சாட்சி

தியானப் பகுதி: மாற்கு 5:25–34



கடந்த சில வாரங்களாக நான் நாற்காலியில் அமர்ந்தபடியே செய்தி கொடுத்து வருகிறேன். என் வலது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதற்காக உபவாசித்து ஜெபித்தவர்களும், முறை வைத்து வீட்டிற்கு உணவு கொண்டுவந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உங்கள் அன்பை நான் மறப்பதில்லை. ஆனால் அந்த அறுவை சிகிச்சைக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு நடந்த ஒரு காரியத்தை உங்களில் ஒருவரும் அறியமாட்டீர்கள். அதை எழுத எனக்கு மனமில்லை. எழுதாமலிருக்க மனச்சாட்சி விடவில்லை.

அறுவைக்கு முன்பு செய்யும் பரிசோதனைகளுக்காக என் மனைவியும் நானும் மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், என் மகள் வயதிருக்கும் ஓர் இளம்பெண், ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், “இதற்கு முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்திருக்கிறதா ஐயா?” என்றார்.

“இல்லை” என்றேன்.

அருகில் அமர்ந்திருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மருத்துவரைப் பார்த்து, “டாக்டர், பதினோரு வருஷத்துக்கு முன்னால இவங்களுக்கு இடது கால் வீங்கிப்போச்சு. ஸ்கேன் எடுத்து, இரத்தம் உறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டாங்க” என்றாள். என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “ஏங்க, மறந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

நான் மறக்கவில்லை, பிரியமானவர்களே.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கன்வென்ஷன் கூட்டம் முடித்து, இரவு முழுவதும் பேருந்தில் அமர்ந்தபடியே ஊர் திரும்பினேன். வந்ததும் காய்ச்சல் கண்டு பல நாட்கள் படுக்கையில் கிடந்தேன். அப்போதுதான் இடது கெண்டைக்கால் வீங்கிற்று. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வற்றியது. அந்த ஆண்டின் கடைசி நாள் இரவு ஆராதனையில் நான் எழுந்து நின்று, கர்த்தர் என் காலைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். கர்த்தர் சுகமாக்கினார் என்பது மெய். ஆனால் அந்தச் சாட்சியில் ஸ்கேனும் இல்லை, ஊசியும் இல்லை, மூன்று மாத மாத்திரையும் இல்லை. பிறகு அதே சாட்சியைப் பல இடங்களில் சொன்னேன். சொல்லச் சொல்ல, விட்டுவிட்ட பகுதி நடக்கவே இல்லை என்பது போலாயிற்று. ஆகவே அந்த மருத்துவர் கேட்டபோது, “ஆம்” என்று சொன்னால் பெற்ற சுகத்தையே மறுதலிப்பதாகும் என்று என் உள்ளத்தில் ஒரு பயம் எழும்பிற்று. விசுவாசத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு பொய் சொன்னேன். நாற்பது வயதில் அல்ல, ஐம்பதைக் கடந்த பிறகு. உலகத்தானாக அல்ல, உங்கள் போதகனாக.

அந்த மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, இந்தப் படிவத்திலேயே ரொம்ப முக்கியமான கேள்விகளில் இது ஒன்று. ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். நீங்கள் ‘இல்லை’ என்று சொன்னால் நாங்கள் ஒரு விதமாகத் திட்டமிடுவோம், ‘ஆம்’ என்றால் வேறு விதமாகத் திட்டமிடுவோம்” என்றார். அன்றே இரு கால்களுக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அறுவையின் நாள் மாறவில்லை. ஆனால் அதற்குப் பின் என்ன ஊசி, எத்தனை நாள் மாத்திரை, எப்போது எழுந்து நடப்பது என்ற திட்டம் முழுவதும் மாற்றி எழுதப்பட்டது.

இந்த ஆபத்து எப்படி உண்டாகிறது என்பதை அவர் எனக்கு விளக்கினார். நம் சபையில் மூட்டு வலியோடு ஆராதனைக்கு வருகிறவர்கள் அநேகர் இருப்பதால் உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நம்முடைய இருதயம் இரத்தத்தைக் கால்வரைக்கும் தள்ளிவிடுகிறது. ஆனால் காலிலிருந்து அது மேலே திரும்பிவரக் கெண்டைக்கால் தசைகளின் உதவி வேண்டும். நாம் நடக்கும்போதெல்லாம் அந்தத் தசைகள் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. நடை நின்றால் ஓட்டம் மந்தமாகிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஓடுகிற கால்வாயில் ஆகாயத்தாமரை தங்குவதில்லை. நீர் தேங்கிய குட்டையிலோ சில நாட்களில் மூடிக்கொள்ளுகிறது. ஏறக்குறைய அப்படியே, தேங்கிய இரத்தம் உறையத் தேடுகிறது.

இரத்த உறைவுக்கு மூன்று காரணங்கள் உண்டு என்று மருத்துவ நூல்கள் சொல்லுகின்றன. ஓட்டம் மந்தமாவது ஒன்று. இரத்தக் குழாயின் சுவர் காயப்படுவது ஒன்று. இரத்தமே எளிதில் உறையும் தன்மை அடைவது ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ருடால்ஃப் ஃபிர்சோவ் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இம்மூன்றும் இன்றும் அழைக்கப்படுகின்றன. காலிலே உறைந்த கட்டி பெயர்ந்து, இருதயத்தின் வழியாகச் சென்று, நுரையீரலின் குழாயை அடைக்கக்கூடும் என்று விளக்கியவரும் அவரே. இடுப்பு மூட்டையோ முழங்கால் மூட்டையோ மாற்றுகிற அறுவையில் இம்மூன்று காரணங்களும் ஒரே நேரத்தில் கூடிவருகின்றன. மேஜையின்மேல் கால் அசையாமல் கிடக்கிறது. எலும்பை அறுக்கும்போது அருகிலுள்ள குழாய்கள் நசுங்குகின்றன. காயத்தை ஆற்றுவதற்காகச் சரீரம் தானாகவே உறையும் தன்மையைக் கூட்டிக்கொள்ளுகிறது.

தடுப்பு மருந்துகள் வழக்கத்திற்கு வராத காலத்தில், இத்தகைய அறுவைக்குப் பின் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்த மேலைநாட்டு ஆய்வுகளில், 100 பேரில் 40 முதல் 60 பேருக்குக் காலின் ஆழ்சிரைகளில் உறைவு காணப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமல் தானாகவே கரைந்துபோயின. சில மட்டும் பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றன. அந்தச் சில போதும்.

இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நமக்கு வராது என்று மருத்துவர்களுக்குள்ளேயே நெடுங்காலம் ஓர் எண்ணம் இருந்தது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்நோயாளிகள் 10,000 பேருக்குச் சுமார் 17 பேரிடம் ஆழ்சிரை உறைவு உறுதியாகியிருந்தது. அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட காரணங்களில் புற்றுநோயும் அறுவை சிகிச்சையும் முதன்மையானவை. நம்முடைய இரத்தமும் உறையும், பிரியமானவர்களே.

இங்கே ஒரு பழைய துக்கத்தையும் நான் உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், வேறோர் ஊரில், ஒரு வயதான தாயார் எங்கள் சபையில் இருந்தார்கள். இடுப்பு எலும்பில் அறுவை செய்து வீடு திரும்பினார்கள். பிள்ளைகள் நல்லவர்கள். அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. தண்ணீர் முதற்கொண்டு கையிலே கொடுத்தார்கள். நான் சந்திக்கச் சென்றபோது அந்தத் தாயார், “கொஞ்சம் நடக்கணும்னு டாக்டர் சொன்னாரு ஐயா, இவங்க விடமாட்டேங்கிறாங்க” என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அம்மா, நீங்கள் பட்ட பாடு போதும், கர்த்தருக்குள் இளைப்பாறியிருங்கள்” என்று சொல்லி, தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு வந்தேன். சில நாட்களில் ஒரு கெண்டைக்கால் வீங்கிற்று. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவினார்கள். மறுநாள் காலை கழிவறைக்கு எழுந்தவர்கள், மூச்சு வாங்குகிறது என்று சொல்லி அமர்ந்தார்கள். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே அவர்கள் ஜீவன் பிரிந்தது.

அடக்க ஆராதனையில் கர்த்தர் தம்முடைய வேளையில் எடுத்துக்கொண்டார் என்று பிரசங்கித்தேன். நம்முடைய காலங்கள் அவருடைய கரத்தில் இருப்பது மெய்தான். ஆயினும், நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அந்தத் தாயார் என்னிடம் சொன்னார்களே. அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லும் வேலையைக் கர்த்தர் எனக்குத்தானே கொடுத்திருந்தார்? என் மூட்டு அறுவைக்கு முன்பு அந்த இளம் மருத்துவர் கால் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் சேர்த்து விளக்கியபோது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டின் கட்டில் என் கண்முன் வந்து நின்றது. அவர்கள் மரணத்துக்கு இதுதான் காரணம் என்று ஒருவரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த எண்ணத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இந்த நோயின் கொடுமை அதன் மௌனமே. டாக்டர் பால் பிராண்டை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். 1914இல் நம் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தினவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு செத்துப்போவதால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் அவர்களே சேதப்படுத்திக்கொள்ளுகிறார்கள் என்பதைக் கண்டு சொன்னவர் அவர். ஆகவே வலி என்பது தேவன் கொடுத்த ஈவு என்று வாழ்நாளெல்லாம் போதித்தார். அந்த ஈவு இந்த நோயில் பெரும்பாலும் வருவதில்லை. கால் வலிக்கவில்லையே என்று நாம் நிம்மதியாயிருக்கும்போதே உள்ளே கட்டி உருவாகலாம். வலி சொல்லாததை நாம் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் மருத்துவர் கேள்வி கேட்கிறார்.

சிலர் ஆசா ராஜாவைச் சுட்டிக்காட்டுவார்கள். அவன் கால்களில் வியாதி கண்டபோது வைத்தியர்களைத் தேடினான் என்று 2 நாளாகமம் 16ஆம் அதிகாரம் சொல்லுகிறதே என்பார்கள். அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள். அவன்மேல் சுமத்தப்படுகிற குற்றம் கர்த்தரைத் தேடாமற்போனதே. எசேக்கியா ராஜாவோ சுவரின் பக்கம் திரும்பி அழுது ஜெபித்தான். பதினைந்து வருஷங்களைக் கூட்டிக்கொடுத்த அதே கர்த்தருடைய தீர்க்கதரிசிதான், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னான். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. என் சாட்சியில்தான் நான் அவற்றைப் பிரித்துவிட்டேன்.

இனி தியானப் பகுதிக்கு வாருங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள அந்த ஸ்திரீ, கூட்டத்தில் மறைந்து வந்து, வஸ்திரத்தைத் தொட்டு, அந்தக்ஷணமே சுகமானாள். அப்படியே மறைந்து போயிருக்கலாம். அவளுடைய வியாதி வெளியே சொல்லக் கூசுகிற வியாதி; நியாயப்பிரமாணத்தின்படி தீட்டு. ஆனாலும் ஆண்டவர் நின்று, தொட்டது யார் என்று கேட்டார். அவள் பயந்து நடுங்கி வந்து விழுந்து, நடந்த உண்மை முழுவதையும் அவரிடம் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்தையும், அநேக வைத்தியர்களிடத்தில் பட்ட பாட்டையும், செலவழித்த பணத்தையும் அவள் ஒளிக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். இல்லாவிட்டால் மாற்கு அவற்றை எழுதியிருப்பது எப்படி? அவளுடைய சாட்சியில் வைத்தியர்களும் இருந்தார்கள். அதனால் ஆண்டவருடைய மகிமை ஒரு துளியும் குறையவில்லை. முழு உண்மையையும் சொன்ன பிறகுதான் அவர் அவளை மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடே அனுப்பினார்.

ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். விபத்தில் அடிபட்டுப் போகிறவர்களுக்குச் சிந்திக்க நேரமில்லை. மூட்டு மாற்றுவதோ, ஜவ்வு சரிசெய்வதோ, முன்பு வைத்த தகட்டை எடுப்பதோ அப்படியல்ல. நாள் குறித்துச் செய்கிற காரியம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பதைப்பற்றி ஆண்டவர் சொன்னாரே, அந்தக் கணக்குப் பார்க்கிற நேரம் இது. பணத்தை எண்ணுகிறோம், காப்பீட்டு அட்டையை எடுத்து வைக்கிறோம், ஈ.எஸ்.ஐ. காகிதத்தைச் சரிபார்க்கிறோம். இதையும் எண்ணுங்கள்.

உங்களுக்கோ உங்கள் பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ எப்போதாவது இரத்தக் கட்டி வந்திருந்தால் சொல்லுங்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் சொல்லுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் முழுவதும் நின்றே வேலை செய்கிற பிள்ளைகளே, காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தால், பேண்ட்டை உயர்த்திக் காட்ட வெட்கப்படாதிருங்கள். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால், போதகர் பக்கத்தில் நிற்கிறாரே என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். வேண்டுமானால் நான் வெளியே போய் நிற்கிறேன். சகோதரிகளே, கருத்தடைக்காகவோ மாதவிடாயைத் தள்ளிப்போடவோ ஹார்மோன் மாத்திரை எடுத்திருந்தால் சொல்லுங்கள். அவற்றில் சில, உறையும் தன்மையைக் கூட்டும். மாமியார் அருகில் இருக்கிறார் என்றால் மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இருதயத்துக்கென்று ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளையும், நாட்டு மருந்தையும், சூரணத்தையும் கையோடு எடுத்துச் சென்று மேஜைமேல் வையுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதிருங்கள். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு நீங்களாக எதையும் தொடங்கவும் வேண்டாம். இரத்தத்தை இளக்குகிற மருந்து அளவு மீறினால் அறுவைக் காயத்தில் இரத்தம் நிற்காது. உறைவு ஒரு பக்கமும் கசிவு மறுபக்கமுமாகத் தராசைப் பிடித்து நிற்கிறார் மருத்துவர். நாம் மறைக்கிற ஒவ்வொன்றும் அந்தத் தராசில் கள்ளப்படிக்கல்.

அறுவைக்குப் பின் வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்பின் மிகுதியால் நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைக்காதிருங்கள். எனக்கு மறுநாளே வாக்கர் கொடுத்து நிற்க வைத்தார்கள். வலியில் கண்ணீர் வந்தது. யாக்கோபு தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நடந்த அந்த விடியற்காலத்தை நினைத்துக்கொண்டேன். அவன் நொண்டிக்கொண்டே நடந்தான், ஆனாலும் நடந்தான். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார்கள். வயிற்றில் ஊசியும், பிறகு மாத்திரையுமாக 35 நாட்கள் எனக்குக் கொடுத்தார்கள். நாட்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். வீட்டிற்கு வந்துவிட்டோம், கால் நன்றாயிருக்கிறது என்று பாதியில் விட்டுவிடாதிருங்கள். ஆபத்து மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுவதில்லை, வீட்டிற்கு வந்து வாரங்கள் கழித்தும் வரக்கூடும்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்காலில் புதிதாக வலியும் சூடும் கண்டாலோ, எண்ணெய் தேய்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, ஒரு நிமிஷமும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். அதற்குப் பிறகு என்னை அழையுங்கள். நான் வழியிலேயே ஜெபித்துக்கொண்டு வந்து சேருவேன். ஜெபம் முடியட்டும் என்று வண்டியை வாசலில் நிறுத்தி வைக்காதிருங்கள்.

என் ஸ்கேனில் புதிய கட்டி எதுவும் இல்லை. பழைய உறைவின் தழும்பு மட்டும் இடது காலின் சிரையில் இருப்பதாகச் சொன்னார்கள். பதினோரு ஆண்டுகளாக என் வாய் மறைத்ததை என் கால் மறைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில், சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, என் மனைவி, “நான் பேசினது உங்களுக்கு வருத்தமா?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டிற்கு வந்து முழங்காற்படியிட முடியாததால், நாற்காலியில் அமர்ந்தபடியே இருவரும் ஜெபித்தோம். பிறகுதான் அவளிடம் சொன்னேன், “நீ பேசாவிட்டால் நான் பேசியிருக்கமாட்டேன்” என்று.

வருகிற ஆண்டின் கடைசி நாள் ஆராதனையில் கர்த்தருக்குச் சித்தமானால் அந்தப் பழைய சாட்சியை மறுபடியும் சொல்லப்போகிறேன். இம்முறை ஸ்கேன், ஊசி, மூன்று மாத மாத்திரை, மருத்துவரிடம் நான் சொன்ன “இல்லை”, என் மனைவி சொன்ன “ஆம்” எல்லாம் அதில் இருக்கும். அப்போதும் நீங்கள் ஸ்தோத்திரம் சொல்லுவீர்கள் என்று நம்புகிறேன்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் இரத்தத்தின் ஓட்டத்தையும் எங்கள் இருதயத்தின் நினைவுகளையும் அறிந்திருக்கிறீர். உம்மிடத்தில் மறைக்க முடியாதவற்றை, நீர் எங்களுக்குத் தந்த மருத்துவர்களிடத்திலும் மறைக்காதபடிக்கு எங்களுக்குத் தைரியம் தாரும். அறுவைக்காகக் காத்திருக்கிற உம்முடைய பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களைக் கவனிக்கிற கைகளுக்கு ஞானத்தையும், உடனிருப்பவர்களுக்கு விழிப்பையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்